நின்றால் கொதிக்கும் கார்

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறேன். இந்தத் தொழிலில் கைத்திறமை எவ்வளவு முக்கியமோ, நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் அவ்வளவு முக்கியம். மாப்பிள்ளை அரைமணி தாமதமாக வந்தால் கேலி பேசிச் சிரிப்பார்கள். அலங்காரம் செய்ய வருகிறவள் அரைமணி தாமதமானால் அந்த வீட்டில் மணப்பெண்ணில் தொடங்கி அத்தைவரை வரிசையாக அழ ஆரம்பிப்பார்கள்.

அதனால் எனக்குக் கார் இல்லாமல் முடியாது. நகைப்பெட்டி, பவுடர் பெட்டி, இஸ்திரிப்பெட்டி, மடக்கு நாற்காலி, ஒரு சின்ன மேசை ஃபேன், இத்தனையும் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏற முடியுமா? சிங்கப்பூரில், மார்சிலிங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே நிற்கும் அந்தச் சாம்பல் நிற ஜப்பானியக் கார் பழையதுதான். ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட என்னை நடுத்தெருவில் விட்டதில்லை. பொங்கல் முடிந்த மறு ஞாயிறு, சிராங்கூன் சாலையில், விட்டது.

அன்று மாலை தஞ்சோங் பகாரில் ஒரு பெண்ணுக்கு வரவேற்பு. சிராங்கூன் சாலையில் இருக்கும் தேக்காவில், ஒரு பூக்கடையில் மல்லிகைச் சடை பின்னி வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே பெண் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். விரைவுச்சாலை முழுக்க வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. சிராங்கூன் சாலையில் திரும்பியதும் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொங்கலுக்குக் கட்டிய விளக்கு வளைவுகளை இன்னும் கழற்றவில்லை. அதற்குக் கீழே நின்று படம் எடுப்பவர்கள் ஒரு பக்கம், வாராந்திர விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள் ஒரு பக்கம். நடுவில் கார்கள் ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன.

முதலில் ஏசி குளிர்ச்சியை விட்டது. காற்று வந்தது, ஆனால் வெதுவெதுப்பாக வந்தது. பிறகுதான் வெப்பம் காட்டும் ஊசியைப் பார்த்தேன். எப்போதும் பாதியில் சும்மா கிடக்கும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் பானட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். நடைபாதையில் நின்றிருந்த மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

"அக்கா, இஞ்சின ஆஃப் பண்ணுங்க! நியூட்ரல்ல போடுங்க, நாங்க தள்றோம்!"

சாமான் இறக்கும் இடம் ஒன்று கொஞ்ச தூரத்தில் இருந்தது. மூவருமாகத் தள்ளி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் இறங்கி, பானட்டைத் திறந்து, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிந்தேன். அவர்களில் உயரமானவர் என் மணிக்கட்டைப் பிடித்தே விட்டார்.

"ஐயோ, அந்த மூடியத் தொடாதீங்கக்கா! உள்ள தண்ணி கொதிச்சிட்டு இருக்கு. தொறந்தா அப்படியே மூஞ்சில அடிக்கும்."

பிடித்த கையை வெட்கத்தோடு விட்டுவிட்டு, "செம்பவாங்ல கப்பல் பட்டறைல வேலக்கா. இந்த மாதிரி ஒருத்தன் வெந்து போனத நேர்ல பாத்துருக்கேன்," என்றார். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடச் சொன்னார்.

அரைமணி நேரம் எனக்கு ஏது? நான் போய்ச் சடையை வாங்கி வரும்வரை மூவரும் காரைச் சுற்றிக் காவல் நின்றார்கள். பிறகு டாக்சி பிடித்து, பெட்டிகளை எல்லாம் அவர்களே ஏற்றிவிட்டார்கள். ஒரு கோப்பை தே குடிக்கலாம் வாருங்கள் என்று கூப்பிடக்கூட நேரமில்லை. மல்லிகைச் சடையை மடியில் வைத்துக்கொண்டு, என் கார் ஆவி விட்டுக்கொண்டு நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தஞ்சோங் பகாருக்குப் போனேன். இருபத்தைந்து நிமிடம் தாமதம். பெண் அழவில்லை. அவள் அம்மாதான் அழுதுகொண்டிருந்தார். பெண் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் மேக்கப் போட்டுடுங்க லா, அப்பதான் அழுறத நிறுத்துவாங்க," என்றாள். அப்படியே செய்தேன், நிறுத்தினார்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று காலை ஷிஃப்ட் முடித்து வீட்டில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு எம்ஆர்டி பிடித்துத் தேக்காவுக்குப் போய், ஆறியிருந்த இஞ்சினில் தண்ணீர் ஊற்றி, காரை மார்சிலிங்குக்கு ஓட்டி வந்துவிட்டார். நான் வீடு திரும்பியபோது சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லையே. ஊசி அசையவே இல்ல. நல்லாத்தான் ஓடுச்சு."

"ஆவி வந்துச்சுங்க. ஊரே பாத்துச்சு."

"நீ பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாத்தி மாத்தி மிதிச்சிருப்ப. நான் பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன், ஒருநாளாவது கொதிச்சிருக்கா?"

பதினெட்டு வருடத்தில் அவர் ஒருநாளும் ஒரு பானட்டைத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பஸ்ஸில் ஏதாவது கோளாறு என்றால் டிப்போவுக்குத் தகவல் சொல்வார், வேறு பஸ் வரும். இதை அவரிடம் சொல்லவில்லை. தை மாதம், அடுத்தடுத்து ஆறு கல்யாணம் இருந்தது. வீட்டில் ஒரு சண்டைக்கு நேரம் ஒதுக்க முடியாது.

மறுநாள் காரை உட்லண்ட்ஸ் பக்கம் தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பட்டறைக்காரரை எனக்குப் பல வருடமாகத் தெரியும்; நவம்பரில் ஒரு லாரி இடித்தபோதும் அவர்தான் சரிசெய்தார். நாற்பது வயதிருக்கும், தனி ஆளாக நடத்துகிறார். அவர் பேசுவது கொஞ்சம், முனகுவது அதிகம். பானட்டுக்குள் தலையைவிட்டு முனக ஆரம்பித்தால் ஏதோ பிடிபடுகிறது என்று அர்த்தம்.

எங்கேயாவது தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்தார். இல்லை. "தெர்மோஸ்டாட்டா இருக்கும்க்கா," என்றார். இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்னக் கதவு போன்ற சாமான் அது. சில நேரம் திறக்காமல் ஒட்டிக்கொள்ளுமாம். புதிதாக மாற்றினார். ஓட்டிப் பார்க்க விரைவுச்சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். ஊசி பாதியைத் தாண்டவில்லை.

அடுத்த ஞாயிறு அதே சிராங்கூன் சாலை, அதே கூட்டம். ஏசி வெதுவெதுத்தது, ஊசி ஏறியது. இந்த முறை உடனே ஏசியை அணைத்து, ஒதுங்கி நிறுத்தி, மூடியைத் தொடாமல் கைகட்டி நின்றேன். அன்று தாமதமாகப் போய்ச் சேர்ந்த கல்யாண வீட்டில் அழுகை வரவில்லை, ஆனால் பெண்ணின் அண்ணன் என்னிடம் பேசவில்லை.

திரும்பவும் பட்டறை. இந்தத் தடவை ரேடியேட்டரையே கழற்றி, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். மூடியையும் மாற்றினார். இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தார். நன்றாகச் சுற்றியது. வழக்கம்போல் விரைவுச்சாலையில் ஒரு சுற்று, வழக்கம்போல் ஊசி சாதுவாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு செம்பவாங்கில் கோயில் கல்யாணம். கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைய ஒரு நீண்ட வரிசை. அதில் கால்மணி நேரம் நின்றதுதான் தாமதம், ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. அன்று பட்டுப்புடவையோடு பெட்டிகளை இழுத்துக்கொண்டு கோயில்வரை நடந்தேன். நடக்கும்போதுதான் மூன்று தடவையும் நடந்ததை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சூடாகவில்லை. நின்றபோதுதான் சூடானது. என் கணவர் வீட்டுக்கு ஓட்டி வந்ததும் விரைவுச்சாலையில். பட்டறைக்காரர் சோதித்ததும் விரைவுச்சாலையில். வண்டி நிற்கிற நேரத்தில் யாருமே பார்க்கவில்லை.

கோயில் வாசலிலிருந்தே பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, ஓடுனா நல்லா இருக்கு, நின்னாதான் கொதிக்குது. ஏசியும் அப்படித்தான். சிக்னல்ல நின்னா சூடா வருது, கெளம்புனா ஜில்லுன்னு ஆயிடுது."

அந்தப் பக்கம் முனகல் கேட்டது. "ஓடுறப்ப வெளிக்காத்து முன்னாடி வழியா உள்ள அடிக்கும்க்கா. நிக்கிறப்ப காத்து இல்ல, அப்ப ஃபேன்தான் வேலை செய்யணும். நீங்க சொல்றதப் பாத்தா ஃபேன்தான். ஆனா ஃபேன் சுத்துதே! நான் கண்ணால பாத்தேனே!"

"அப்ப வேற என்ன?"

"தெரியலக்கா. தண்ணி பம்ப்பா இருக்கலாம். இல்லன்னா இஞ்சின் தலையையே தொறந்து பாக்கணும். அது பெரிய வேலை. சீனப் புத்தாண்டு முடிஞ்சுதான் முடியும். நாளைக்கழிச்சு மத்தியானத்தோட கடை மூடுறேன், அதுக்குள்ள வண்டியக் கொண்டாந்து விட்ருங்க."

புத்தாண்டுக்கு முந்தைய நாள் காலையில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்துவிட்டு, அதே புடவையோடு பட்டறைக்குப் போனேன். தொழிற்பேட்டையே பாதி காலியாக இருந்தது. பக்கத்துப் பட்டறைகளில் ஷட்டர் இறக்கி, கதவில் ஆரஞ்சுப் பழப் படங்கள் ஒட்டியிருந்தார்கள். என் ஆள் மட்டும் எனக்காகக் காத்திருந்தார்.

சாவியை வாங்கியவர், "கடைசியா ஒருக்கா நின்னபடியே ஓடவிட்டுப் பாத்துருவோம்க்கா," என்று இஞ்சினைக் கிளப்பி, ஏசியையும் போட்டு, பானட்டைத் திறந்து வைத்தார். ஊசி ஏறுகிறதா என்று பார்க்க உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் காருக்கு முன்னால், மூக்கில் காற்று நுழையும் கம்பித் தட்டிக்கு நேர் எதிரே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் 'உய்ங்' என்று சுற்ற ஆரம்பித்தது.

என் முந்தானை காற்றில் அசைந்தது. காரைப் பார்த்து அசையவில்லை. என்னைப் பார்த்து, என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு படபடத்தது. அனலாக ஒரு காற்று காலில் அடித்தது.

சாதாரணமாக இதையெல்லாம் யார் கவனிப்பார்கள்? நான் கவனிப்பேன். மேக்கப் போடும்போது பெண்ணுக்கு வியர்க்கக் கூடாது என்று எப்போதும் பக்கத்தில் மேசை ஃபேனை ஓடவிடுவேன். ஆனால் காற்று எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்காமல் பவுடர் டப்பாவைத் திறந்தால் பாதிப் பவுடர் பெண்ணின் அத்தைமேல் போய் உட்காரும். இத்தனை வருடமாக, எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் காற்றின் திசையைத்தான் பார்க்கிறேன்.

"தம்பி, இங்க வாங்க. இந்த ஃபேன் காத்த உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

"உள்ளதான்க்கா. முன்னாடி இருந்து இழுத்து இஞ்சின் பக்கம் விடணும்."

"அப்ப எங்கிட்ட ஏன் அனல் அடிக்குது?"

இறங்கி வந்தார். "இஞ்சின் சூடுக்கா. சும்மா அப்படித்தான் தெரியும்."

பேசிப் பயனில்லை என்று தோன்றியது. கைப்பையில் பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு பெரிய தூரிகையை அதில் நன்றாக முக்கி, "இங்க நில்லுங்க," என்று அவரை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, கம்பித் தட்டிக்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டினேன்.

பவுடர் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அவர் முகத்தில் அப்பியது. புருவம், மீசை, கழுத்து, கிரீஸ் படிந்த சட்டை எல்லாம் வெள்ளை. கண்ணைக் கொட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் சிரித்த சிரிப்பில் என் இடுப்பே வலித்தது. அவர் சிரிக்கவில்லை. மெதுவாக ஒரு டிஷ்யூத் தாளை எடுத்துக் கம்பித் தட்டியின் மேல் வைத்தார். ஃபேன் சரியாக வேலை செய்தால் அந்தத் தாள் உள்பக்கம் இழுபட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் பறந்துபோய் அவர் காலடியில் விழுந்தது. எடுத்து இன்னொரு தடவை வைத்தார். மறுபடி பறந்தது.

"தலகீழா சுத்துது," என்றார். "அக்கா, இது தலகீழா சுத்துது."

இஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் லைட்டோடு உள்ளே குனிந்தார். இந்த முறை முனகல்கூட வரவில்லை. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது வெள்ளை முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன.

"அக்கா, இது நான் செஞ்சதுதான்."

எனக்குப் புரியவில்லை.

"நவம்பர்ல ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து உங்க வண்டி மூக்க இடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அப்ப ஃபேன் மோட்டார் ஒடைஞ்சு போச்சுன்னு புதுசு மாத்துனேன். அதோட பிளக் இதுல சேரல. நானே வயர வெட்டி ஒட்டுனேன். ரெண்டு வயரும் கறுப்பு. மாத்தி ஒட்டிட்டேன் போலிருக்கு. அதான் எதிர்ப்பக்கம் சுத்துது. ஓடுறப்ப வர்ற காத்து பலமா இருக்கும், அதுல ஒண்ணும் தெரியாது. நின்னா, வெளியேற வேண்டிய சூட்ட இதுவே இழுத்து முன்னாடி தள்ளிட்டு இருந்துருக்கு."

எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. நவம்பர், டிசம்பரில் ஓயாத மழை. மார்கழியில் கல்யாணமே கிடையாது, காரை நான் எடுத்ததே சந்தைக்கும் கிளினிக்குக்கும்தான். தை பிறந்து, கூட்டத்தில் போய் நின்ற பிறகுதான் கோளாறு வெளியே வந்திருக்கிறது.

அவர் நினைத்திருந்தால் அதை மறைத்திருக்கலாம். டார்ச்சோடு உள்ளே குனிந்திருந்த நேரத்திலேயே வயரை மாற்றிவிட்டு, "சின்னக் கோளாறுக்கா, சரி பண்ணிட்டேன்," என்று சொல்லியிருந்தால் எனக்கு எங்கே தெரியப்போகிறது? நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நடுரோட்டில் ஆவி, பேசாமல் போன அண்ணன், செம்பவாங்கில் பெட்டியை இழுத்த தோள்வலி. வரவில்லை. அதற்குப் பதிலாக, இதுவரை என் கணவரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்தேன். வகிட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்கும் நகைகளில் சூரியன் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம் வர வேண்டும். அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டேன். தாலி கட்டி முடிந்து, புகைப்படக்காரர் நூறு படம் எடுத்த பிறகுதான் கவனித்தேன். வாயே திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் கூடத்துச் சுவரில் இன்றைக்கும் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அவள் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனபோது அதற்கு நேர் கீழே உட்கார வைத்துக் கேக் கொடுத்தார்கள். தலை நிமிராமலே தின்று முடித்தேன்.

"நீங்களாச்சும் ஒத்துக்கிட்டீங்க தம்பி. நான் இன்னும் அவகிட்ட சொல்லல."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்ததில் மீசையிலிருந்து பவுடர் உதிர்ந்தது.

வயர்களை வெட்டி மாற்றி ஒட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி இஞ்சினைக் கிளப்பினார். ஃபேன் சுற்றியது. டிஷ்யூத் தாளை வைத்தார். 'சப்' என்று கம்பியில் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தும் விழவில்லை. இருவரும் அதை ஏதோ சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிப்பாட்டி வச்சுப் பாத்தா போதாதுக்கா," என்றார். "மூணு தடவ ஏமாந்துட்டோம். நெசமான ஜாம்ல போய் நின்னு பாக்கணும். நாளைக்கு நானே வர்றேன். என் தப்பு, நான்தான் பாக்கணும்."

மறுநாள் சீனப் புத்தாண்டு. என் கணவருக்கும் அன்று விடுமுறை கிடைத்திருந்தது. முந்தின நாள் இரவே அவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். "பிரேக் மிதிக்கிறதுல தப்பு இல்லையா அப்ப?" என்றார். "இல்லை," என்றேன். விடிந்ததும் தானே ஓட்டுவதாகச் சொல்லி முதல் ஆளாகக் கிளம்பி நின்றார்.

நாங்கள் மூவரும் மதியம் புறப்பட்டோம். என் கணவர் ஓட்ட, பக்கத்தில் பட்டறைக்காரர், பின் இருக்கையில் நான். புறப்பட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. புத்தாண்டின் முதல் நாள் சீனர்கள் எல்லோரும் உறவினர் வீட்டில் இருப்பார்கள், கடைகள் மூடியிருக்கும். சிங்கப்பூரில் வருடத்தில் சாலை வெறிச்சோடும் நாள் ஒன்று உண்டு என்றால் அதுதான். விரைவுச்சாலை காலி. தஞ்சோங் பகாரில் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே காகம் நடந்து போனது. ஒவ்வொரு சிக்னலும் எங்களைப் பார்த்ததும் பச்சைக்கு மாறியது.

"வேணும்கிறப்ப ஒரு ஜாம்கூட கெடைக்க மாட்டேங்குதே!" என்று என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். பஸ் ஓட்டுகிற மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

"தேக்காவுக்குப் போங்கண்ணே," என்றார் பட்டறைக்காரர். "இன்னிக்கு லீவு. நம்மாளுங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

அவர் சொன்னது சரி. சிராங்கூன் சாலையில் திரும்பியதுமே எங்களுக்கு முன்னால் பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. தீவில் இருந்த கூட்டம் முழுவதும் அங்கேதான் இருந்தது. நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் "அப்பாடா!" என்றோம்.

நின்றோம், ஒரு முழம் நகர்ந்தோம், மறுபடி நின்றோம். யாராவது குறுக்கே வந்தால் என் கணவர் கையை நீட்டி, "போங்க, போங்க, மெதுவா போங்க," என்று வழிவிட்டார். சிக்னல் பச்சையானதும் அவர் அவசரப்படவே இல்லை. பின்னால் ஹாரன் அடித்தவரைப் பார்த்து மகிழ்ச்சியாகக் கையசைத்தார். அந்த மனிதர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மூன்று தலைகளும் ஊசியின் பக்கமே சாய்ந்திருந்தன. பாதிக்கு மேல் ஒரு மயிரிழை ஏறியதுபோல் இருந்தது. பட்டறைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கத்தில் ஃபேன் 'உய்ங்' என்றது. ஊசி இறங்கிப் பாதியில் படுத்தது.

"ஏசி எப்படிக்கா இருக்கு?"

"குளிருது தம்பி. கொஞ்சம் கொறைங்க."

அவருக்கு அதுவும் போதவில்லை. வண்டிதான் நகரவில்லையே என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். காருக்கு முன்னால் போய்க் குனிந்து, சட்டைப் பையிலிருந்து டிஷ்யூத் தாளை எடுத்துக் கம்பித் தட்டியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. நடுச்சாலையில் நின்று இரண்டு கட்டைவிரலையும் எங்களைப் பார்த்து உயர்த்தினார். நடைபாதையில் நின்றவர்களில் ஒருவர், என்ன விஷயம் என்று தெரியாமலே, பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. என் கணவர் ஹாரனை லேசாக அழுத்த, அவர் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

அந்தச் சாலையைக் கடந்து முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடிவில் ஒரு கடையில் நிறுத்தித் தோசையும் தேயும் வாங்கிச் சாப்பிட்டோம். பட்டறைக்காரர் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, இரண்டு வாரமாகத் தனக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை என்றார். இஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும் என்ற கவலையாம். பிறகு மூன்றாவது தோசை கேட்டார்.

கை கழுவிவிட்டு வந்ததும் என் கணவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன, இன்னொரு ரவுண்டு போய்ப் பாத்துருவோமா? ஒரு தடவ சரியா வந்தா நம்ப முடியாது."

நம்பியாயிற்று என்பது மூவருக்கும் தெரியும். ஆனாலும் போனோம். இந்த முறை நான் ஓட்டினேன்.